வீட்டிலேயே குரோஷா போர்வை: முதல் உருண்டை வாங்குவது முதல் காயவைத்து மடிப்பது வரை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் நாலைந்து பேர் சேர்ந்து குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) பின்னுவோம். ஒருவர் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார். பலருக்கு முதல் போர்வையை ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறேன். பாதியில் நின்றுபோன போர்வைகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். கை பழகாததால் நின்றவை குறைவு. மாதிரி போடாமல் (முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்க்காமல்) ஆரம்பித்தது, கண்ணிகளை (பின்னலின் ஒவ்வொரு தையலையும்) எண்ணாமல் போனது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டையும் கொஞ்சம் நிதானமாகவே சொல்லப் போகிறேன்.

சங்கிலி, சிங்கிள் குரோஷா, டபுள் குரோஷா மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். தெரியாவிட்டால் ஒரு கைப்பிடித் துணி அளவுக்கு இரண்டு நாள் பின்னிப் பழகிவிட்டு வாருங்கள்.

1. அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் குளிர் 20 டிகிரியை ஒட்டி வரும், அதற்குக் கீழே அதிகம் போகாது. மற்ற மாதங்களில் ஏசி அறைக்கும், டிவி முன்னால் உட்காரும்போது காலில் போட்டுக்கொள்ளவும்தான் போர்வை தேவைப்படுகிறது. இதற்கு 105 செ.மீ. அகலமும் 135 செ.மீ. நீளமும் போதும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கட்டில் முழுக்க மூடுகிற மாதிரி வேண்டும் என்பார்கள். 150-க்கு 200 என்றால் பரப்பு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நூலும் நேரமும் அதே கணக்கில் ஏறும், மடியில் வைத்துப் பின்னும் பாரமும் ஏறும். முதல் போர்வை சின்னதாகவே இருக்கட்டும்.

கைக்குழந்தைக்காக என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது எந்தப் போர்வையும் பக்கத்தில் தளர்வாகக் கிடக்கக் கூடாது. குரோஷாவில் இடைவெளி இருப்பதால் விரலும் மாட்டிக்கொள்ளும். நாம் கூட இருந்து தூக்கிவைத்திருக்கும்போது மட்டும் போர்த்துங்கள்.

2. நூலும் ஊசியும்

இந்த ஊருக்குப் பருத்தி நூல்தான். கம்பளி இங்கே உறுத்தும். அக்ரிலிக் விலை குறைவு, எடையும் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கடற்காற்றின் ஈரத்தில் கை பிசுபிசுக்கும்போது அக்ரிலிக் ஊசியில் ஒட்டி ஒட்டி வரும், பின்னுகிறவருக்குச் சலித்துவிடும். பருத்தியில் கனம் அதிகம் என்ற ஒரு குறை உண்டு, அதைக் கழுவும் இடத்தில் சமாளிக்கலாம்.

8 பிளை (நூலின் தடிமன் அளவு) பருத்தி நூலும் 4.5 அல்லது 5 மி.மீ. அலுமினிய ஊசியும் கேளுங்கள். மில்லிமீட்டரைச் சொல்லிக் கேட்பது முக்கியம். வெறுமனே "குரோஷா ஊசி" என்று கேட்டால் ஃபேன்சி கடையில் பல நேரம் லேஸ் பின்னும் மெல்லிய ஸ்டீல் ஊசியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது 1, 2 மி.மீ. இருக்கும். அதில் 8 பிளை நூல் மாட்டவே மாட்டாது. புதுச்சேரியில் நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கக் கடைகளிலும் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலும் விசாரிக்கலாம். கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வாங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு உருண்டை. மாதிரி போட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சம். ஆனால் லேபிளில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் பத்து உருண்டையை நாலைந்து நாள் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் லாட் மாறினால் சாயம் ஒரு பொட்டு மாறும். கடைக்குள் தெரியாது. போர்வையாகி வெயிலில் விரித்தால் நடுவில் கோடு போட்டதுபோல் நிற்கும்.

நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். சந்தன நிறம், வெளிர் பச்சை, இளநீலம் எல்லாம் நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் ராத்திரி டியூப்லைட்டில் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எண்ண முடியாத போர்வையை நேராகப் பின்ன முடியாது.

இன்னும் சில சாமான்கள் வேண்டும்: இஞ்ச் டேப், கத்தரிக்கோல், பதினைந்து இருபது ஊக்கு, முனை மழுங்கிய தடித்த ஊசி ஒன்று. கோணி ஊசி வேண்டாம். அதன் கூர் நூலைப் பிளந்துவிடும்.

3. மாதிரி போட்டு, துவைத்து, பிறகு அளக்க வேண்டும்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது. ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அது இல்லாததால் இருபது மணி நேர வேலையைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

24 கண்ணி அகலத்தில் 13 வரிசை டபுள் குரோஷா பின்னுங்கள். பிறகு போர்வையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இதையும் துவைத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைக்காமல் அளந்தால் அந்தச் சுருக்கம் கணக்கில் வராது.

அடர் நிறம் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால், ஈர மாதிரியை வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் சந்தன நிறத்தோடு அரக்குக் கோடு போட்டேன். முதல் துவைப்பில் சாயம் இறங்கி, போர்வை முழுக்க வெளிறிய ரோஸாகிவிட்டது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

காய்ந்த மாதிரியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் தொய்வு. மாதிரியைப் புறங்கைமேல் போடுங்கள். இரண்டு பக்கமும் தழைந்து விழ வேண்டும். கால்மிதியடி மாதிரி விறைப்பாக நின்றால் உங்கள் கை இறுக்கம். கையைத் தளர்த்தப் பார்க்காதீர்கள், அது நடக்காது. ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி இன்னொரு மாதிரி போடுங்கள்.

அடுத்து கணக்கு. ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து, அதற்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். இங்கே உதாரணத்துக்கு 15 கண்ணி, 8 வரிசை என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு எண் வரும், அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது எடை. நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு வீட்டில் இல்லாவிட்டால், தெரிந்த கடையில் கேட்டு மாதிரியை எடைபோட்டு வாருங்கள். எவ்வளவு நூல் வேண்டும் என்பது இதில்தான் தெரியும்.

4. கண்ணிக் கணக்கும் நூல் கணக்கும்

10 செ.மீ.க்கு 15 கண்ணி என்றால் 105 செ.மீ.க்கு 157 அல்லது 158. இதை 160 ஆக்கிவிடுங்கள். இருபது இருபதாக எட்டுப் பிரிவு வரும், எண்ணச் சுலபம். அகலம் சுமார் 107 செ.மீ. ஆகும். 10 செ.மீ.க்கு 8 வரிசை என்றால் 135 செ.மீ.க்கு 108 வரிசை.

நூலுக்கு: மாதிரி 16-க்கு 16 செ.மீ. இருந்தால் பரப்பு 256 சதுர செ.மீ. போர்வையின் பரப்பு 107 × 135, அதாவது 14,445. வகுத்தால் சுமார் 56 மாதிரி. மாதிரி 17 கிராம் என்றால் 952 கிராம். ஓரத்துக்கும் நூல் முனைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,050 கிராமுக்குள் வரும். 100 கிராம் உருண்டை பதினொன்று. கையில் ஒன்று இருக்கிறது, எடுத்துவைக்கச் சொன்ன பத்தையும் இப்போது போய் வாங்கிவிடுங்கள்.

5. அடிச்சங்கிலி: தளர்வாக, இருபதுக்கு ஒரு ஊக்கு

160 கண்ணிக்கு 162 சங்கிலி போட வேண்டும். கூடுதல் இரண்டும் முதல் வரிசை எழும்பி நிற்கும் உயரத்துக்கு.

சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பின்னுகிறவர்களின் சங்கிலி இறுக்கமாகத்தான் வரும். மேலே பின்னும் டபுள் குரோஷா அகலமாகவும் அடிச்சங்கிலி குறுகலாகவும் இருந்தால் போர்வையின் அடிப்பக்கம் சுருங்கி விசிறி மாதிரி ஆகிவிடும். எத்தனை முறை துவைத்தாலும் அது சரியாகாது.

இருபது சங்கிலிக்கு ஒரு ஊக்கு மாட்டுங்கள். நடுவில் யாராவது கதவைத் தட்டினால் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. 162 முடிந்ததும் ஐந்தாறு சங்கிலி அதிகமாகவே போட்டுவிடலாம். மிஞ்சினால் சுருக்கு முடிச்சு இருக்கும் ஆரம்ப முனையிலிருந்து பிரித்துக்கொள்ளலாம், குறைந்தால்தான் சிரமம்.

6. முதல் வரிசை

ஊசியில் இருக்கும் வளையத்தை எண்ணாமல், அங்கிருந்து மூன்றாவது சங்கிலியில் முதல் டபுள் குரோஷா. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, சங்கிலிக்குள் விட்டு, நூலைப் பிடித்து இழுங்கள். இப்போது ஊசியில் மூன்று வளையம் இருக்கும். நூலைப் பிடித்து இரண்டு வளையம் வழியாக இழுங்கள், மறுபடி பிடித்து மிச்சம் இரண்டின் வழியாக இழுங்கள். ஒரு கண்ணி முடிந்தது, அதில் ஒரு ஊக்கு மாட்டிவையுங்கள். இனி ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் டபுள் குரோஷா என்று சொல்வது அமெரிக்க வழக்கு. இதே கண்ணிக்குப் பிரிட்டிஷ் பேட்டர்னில் ட்ரெபிள் என்று பேர். அங்கே டபுள் என்றால் நம்முடைய சிங்கிள். வீடியோவிலோ பேட்டர்னிலோ சிங்கிள் குரோஷா என்ற சொல் வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று தெரிந்துகொள்ளலாம், பிரிட்டிஷ் வழக்கில் சிங்கிள் என்ற பேரே கிடையாது.

முதல் வரிசையில் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஊக்கும் வரும்போது நிறுத்தி, சங்கிலியின் V பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். 160 இருக்க வேண்டும். 159 இருந்தால் பிரித்துவிடுங்கள். "ஒன்றுதானே" என்று விடுவதிலிருந்துதான் கோணல் ஆரம்பிக்கிறது.

7. திரும்பும் இடம்: போர்வை கோணுவது இங்கேதான்

கடலூரிலிருந்து வரும் தங்கை கொண்டுவந்த முதல் போர்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணி ஒவ்வொன்றும் ஒரே சீர், அவ்வளவு அழகு. தரையில் விரித்தால் முறம் மாதிரி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தது. எண்ணிப் பார்த்தோம். அடியில் 160, மேலே 131. இருபத்தொன்பது வரிசை பின்னியிருந்தாள். வரிசைக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை.

காரணம் இது. வரிசை முடிந்து திரும்பும்போது உயரத்துக்காகச் சங்கிலி போடுகிறோம். அதை ஒரு கண்ணியாகக் கணக்கு வைப்பது ஒரு முறை, வைக்காதது இன்னொரு முறை. இரண்டும் சரி. ஆனால் வீடியோ ஒன்றில் ஒன்றைப் பார்த்து, இன்னொன்றில் மற்றதைப் பார்த்து, கலந்து செய்தால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும் அல்லது குறையும். கணக்கு வைக்கும் முறைப்படி முதல் கண்ணியைத் தாண்டிவிட்டு, திரும்பி வரும்போது அந்தச் சங்கிலியின் தலையில் பின்னாமல் விட்டாள். அதுதான் நடந்தது.

நான் இப்போது எல்லாருக்கும் கணக்கு வைக்காத முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஓரத்தில் சின்ன மேடு தெரியும், கடைசியில் கட்டும் ஓரத்தில் அது மறைந்துவிடும். செய்முறை இப்படி:

வரிசை முடிந்ததும் இரண்டு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். இந்த இரண்டையும் எண்ண வேண்டாம். முதல் டபுள் குரோஷாவைக் கீழ் வரிசையின் கடைசிக் கண்ணியிலேயே, அதாவது சங்கிலி எங்கிருந்து கிளம்புகிறதோ அதே கண்ணியின் தலையில் பின்னுங்கள். பின்னிய உடனே அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டுங்கள்.

வரிசை முழுக்கப் பின்னி மறுமுனைக்குப் போனால் போன தடவை மாட்டிய ஊக்கு அங்கே இருக்கும். அதைக் கழற்றி அந்தக் கண்ணியில் கடைசி டபுள் குரோஷா. அதற்கு அப்பால் ஒரு சங்கிலி தெரியும், உள்ளே ஊசியை விடத் தோன்றும். விடாதீர்கள். ஊக்கு இருக்கும் கண்ணிதான் கடைசி. இரண்டு பக்கத்துக்கு இரண்டு ஊக்கு போதும், போர்வை முடியும் வரை அவையே மாறி மாறி ஏறிவரும்.

8. நடுப்பகுதி

புதியவர்களுக்கு 160 கண்ணி பின்ன இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். 108 வரிசைக்கு ஏறத்தாழ 45 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை மாதம். ஆடியில் ஆரம்பித்தால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணியை எண்ணுங்கள், அகலத்தையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் அகலம் குறைந்தால் கை இறுகுகிறது என்று அர்த்தம். களைப்போ வேறு யோசனையோ இருக்கும் நாளில் இறுகும். அன்று வைத்துவிட்டு நாளைக்கு எடுங்கள். வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள், மறுநாள் கை வேறு மாதிரி ஓடும், மாறிய இடம் தெரியும்.

ஐம்பது வரிசை தாண்டினால் மடியில் அரைக் கிலோ பருத்தி கிடக்கும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு பாரத்தை அதன்மேல் வையுங்கள். தொங்கவிட்டால் மணிக்கட்டு வலிக்கும், பின்னலும் இழுபடும்.

9. புது உருண்டையை இணைப்பது

முடிச்சுப் போட வேண்டாம். பருத்தி முடிச்சு துவைக்கத் துவைக்க நழுவும், இல்லாவிட்டால் முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வரிசையின் கடைசிக் கண்ணியில், ஊசியில் இரண்டு வளையம் மிச்சம் இருக்கும்போது பழைய நூலை விட்டுவிட்டுப் புது நூலைப் பிடித்து இழுங்கள். நிறம் மாற்றுவதும் இதே இடத்தில்தான். இரண்டு முனையும் 15 செ.மீ.க்குக் குறையாமல் தொங்கட்டும்.

அந்த முனைகளை மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு பக்கம் நான்கைந்து கண்ணிக்குள் ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கம் ஓட்டி, மறுபடி ஒருமுறை திருப்புங்கள். ஒரே திசையில் ஓட்டினால் வழுக்கி வெளியே வந்துவிடும். அவ்வப்போதே இதை முடித்துவிடுங்கள், கடைசியில் என்று விட்டால் இருபது முனை சேர்ந்துவிடும்.

10. தப்பு தெரிந்தால் பிரியுங்கள்

குரோஷாவில் எந்த நேரமும் ஊசியில் ஒரே ஒரு வளையம்தான் உயிரோடு இருக்கும். கம்பி ஊசிப் பின்னல் மாதிரி நூறு கண்ணி அவிழ்ந்து ஓடாது. தப்பான இடம் வரை இழுத்து, அந்த வளையத்தில் ஊசியை மாட்டித் தொடர வேண்டியதுதான். பிரிக்கப் பிரிக்க நூலைப் பந்தாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கடலூர்த் தங்கையின் இருபத்தொன்பது வரிசையையும் அன்றே உட்கார்ந்து பிரித்தோம். அந்த நூல் முழுக்க அப்படியே திரும்பவும் பயன்பட்டது.

11. ஓரம்

சுற்றிலும் ஒரு சுற்று சிங்கிள் குரோஷா. மேலும் கீழும் கண்ணிக்கு ஒன்று, பக்கவாட்டில் வரிசைக்கு இரண்டு, மூலையில் ஒரே இடத்தில் மூன்று. பக்கம் கொசுவம் மாதிரி அலையடித்தால் கண்ணி அதிகம், இழுத்துப் பிடித்தால் குறைவு. இருபது வரிசை ஓரம் கட்டியதும் தரையில் விரித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

12. துவைத்துக் காயவைப்பது

பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புத் தூள் கரைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து அழுத்தி எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்புத் தங்கினால் பருத்தி மொரமொரப்பாகிவிடும்.

கொடியில் போடாதீர்கள். நனைந்த பருத்தியின் பாரமே போர்வையைக் கீழே இழுத்து நீட்டிவிடும். பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு மொட்டை மாடியில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் பழைய வேட்டி போட்டுப் போர்வையைப் பரப்பி, மூலைகளை டேப்பால் அளந்து நேராக்குங்கள். ஒரு மணி நேரம் போனதும் திருப்பிப் போடுங்கள். உச்சி வெயில் நிறத்தை வெளுக்கும், காலை வெயிலே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் துவைப்பதைத் தவிர்ப்பது நல்லது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த வாரம், அவசரத்துக்கு ஒரு போர்வையைத் துவைத்துவிட்டேன். ஐந்து நாள் ஃபேனுக்குக் கீழே கிடந்தும் உள்ளே ஈரம் போகவில்லை, பூஞ்சை வாடை ஏறிவிட்டது. மழை நின்ற பிறகு மறுபடி துவைத்து, இரண்டு நாள் வெயில் காட்டிய பிறகுதான் வாடை போனது. மழைக்காலத்தில் துவைத்தே ஆக வேண்டும் என்றால் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, வாஷிங் மெஷினில் ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். பிறகு கயிற்றுக் கட்டிலில் விரித்து ஃபேன் போடுங்கள், காற்று அடியிலிருந்தும் ஏறும்.

காய்ந்ததா என்று ஓரத்தைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஓரம் எப்போதும் முதலில் காய்ந்துவிடும். நடுவில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். கொஞ்சமும் சில்லிப்பு இல்லை என்றால் மடித்து, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து கூடவே வைத்து பீரோவில் அடுக்கலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்திப் புடவையில் சுற்றிவையுங்கள்.